அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்ஃபர் மாணவராகச் சேர: ஒரு முழுமையான வழிகாட்டி

வேறொரு நாட்டிலோ அமெரிக்காவிலேயே இன்னொரு கல்லூரியிலோ ஓராண்டு, ஈராண்டு படித்துவிட்டு, மீதிப் படிப்பை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முடிக்க நினைக்கும் மாணவர்கள் முதலில் கேட்பது "அட்மிஷன் கிடைக்குமா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைவிடக் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது: இதுவரை படித்ததில் எத்தனை கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு) புதிய பட்டத்துக்குக் கணக்கில் வரும்? ஈராண்டு படித்த ஒருவருக்கு அட்மிஷனும் விசாவும் தடையின்றிக் கிடைத்து, வகுப்பு தொடங்கிய பிறகு, இன்னும் மூன்றரை ஆண்டு படித்தாக வேண்டும் என்று தெரியவந்தால், கூடுதலாகும் ஒவ்வொரு செமஸ்டருக்கும் கட்டணம், காப்பீடு, வாடகை என்று அத்தனையும் குடும்பத்தின் தலையில்தான் விழும். ஆகவே இந்த வழிகாட்டியில் கிரெடிட் கணக்குக்கே அதிக இடம் தந்திருக்கிறேன். அதற்கு அடுத்ததாக, ஒரு நாள் தவறினாலும் சிக்கலாகிவிடக்கூடிய ஐ-20 (மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சான்றுப் படிவம்), செவிஸ் (அரசின் மாணவர் பதிவேடு) வேலைகளை விளக்கியிருக்கிறேன்.

டிரான்ஸ்ஃபர் என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்

தொடக்கத்திலேயே இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் அலுவலகம் "டிரான்ஸ்ஃபர்" என்று சொல்வது, படித்த பாடங்களுக்கான கிரெடிட்டை ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு வருவதை. அதே பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம் "டிரான்ஸ்ஃபர்" என்று சொல்வது, எஃப்-1 என்னும் மாணவர் விசா வகையில் படிப்பவர்களின் விவரங்களை அமெரிக்க அரசு பராமரிக்கும் செவிஸ் என்னும் கணினிப் பதிவேட்டில் உள்ள உங்கள் பதிவை, ஒரு கல்லூரியின் பொறுப்பிலிருந்து இன்னொரு கல்லூரியின் பொறுப்புக்கு மாற்றுவதை.

அமெரிக்காவுக்கு வெளியே படித்துக்கொண்டிருப்பவர் முதல் பொருளில் மட்டுமே டிரான்ஸ்ஃபர் மாணவர். அவருக்குச் செவிஸ் பதிவே இன்னும் உருவாகவில்லை. ஆகவே புதிதாகப் படிக்கச் செல்லும் எவரையும் போல அவருக்குத் தொடக்கநிலை ஐ-20 தான் வரும். அமெரிக்காவில் ஏற்கெனவே எஃப்-1 நிலையில் படித்துக்கொண்டிருப்பவரோ இரண்டு பொருளிலும் டிரான்ஸ்ஃபர் மாணவர். வெளிநாட்டிலிருந்து செல்பவர்கள் செவிஸ் பதிவை மாற்றுவதற்கான "டிரான்ஸ்ஃபர்-இன் படிவம்" என்ற ஒன்றைப் பார்த்துவிட்டு, அதைத் தங்கள் பழைய கல்லூரியில் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து கேட்டு அலைவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படிவத்துக்கும் அவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

படி 1: நீங்கள் எந்த வகை விண்ணப்பதாரர் என்பதை உறுதிசெய்யுங்கள்

பள்ளிப் படிப்பை முடித்த பிறகு ஒரு கல்லூரியில் முறையாகச் சேர்ந்து பாடங்களை எடுத்திருந்தால், பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் உங்களை டிரான்ஸ்ஃபர் விண்ணப்பதாரராகவே கொள்ளும். எத்தனை கிரெடிட் முடித்திருக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறுபடும். ஒரு செமஸ்டருக்கும் குறைவாகப் படித்தவரை முதலாண்டு மாணவராகவே விண்ணப்பிக்கச் சொல்லும் பல்கலைக்கழகங்கள் உண்டு. மூன்றாம் ஆண்டில் சேரத் தகுதியுள்ளவர்களை மட்டுமே எடுக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. பட்டப் படிப்பை ஏற்கெனவே முடித்தவர்கள் இந்த வழியில் போக முடியாது. அவர்களை இரண்டாம் இளங்கலைப் பட்டத்துக்கான விண்ணப்பதாரர் என்று தனியாக வகைப்படுத்துவார்கள், பல இடங்களில் அப்படிப்பட்ட விண்ணப்பத்தை ஏற்பதே இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. முன்பு படித்த கல்லூரியில் மதிப்பெண் சரியில்லை என்பதற்காக அதை மறைத்துவிட்டு, புதிய மாணவர்போல விண்ணப்பிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதைக் கேட்காதீர்கள். பள்ளிக்குப் பிறகு படித்த எல்லா நிறுவனங்களையும் குறிப்பிட வேண்டும் என்பது விண்ணப்பத்தில் நீங்கள் கையொப்பமிடும் உறுதிமொழியின் ஒரு பகுதி. பின்னர் தெரியவந்தால், கொடுத்த அட்மிஷனைத் திரும்பப் பெறும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு.

படி 2: கிரெடிட் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

அமெரிக்காவில் ஒரு செமஸ்டர் கிரெடிட் என்பது, ஏறத்தாழ 15 வாரங்களுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பும், அதற்கு வெளியே இரண்டு மணி நேர உழைப்பும் சேர்ந்தது. இளங்கலைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் 120 கிரெடிட் வேண்டும். அதாவது ஆண்டுக்கு 30, செமஸ்டருக்கு 15. குவார்ட்டர் முறையில் நடக்கும் பல்கலைக்கழகங்களில் இதே பட்டம் 180 குவார்ட்டர் கிரெடிட்டாக இருக்கும். ஒரு செமஸ்டர் கிரெடிட் ஒன்றரைக் குவார்ட்டர் கிரெடிட்டுக்குச் சமம்.

உங்கள் கல்லூரி கொடுத்த கிரெடிட் எண் அப்படியே இங்கே செல்லாது. பல மதிப்பீட்டாளர்கள் கையாளும் வழி, உங்கள் கல்வி முறையில் ஓராண்டின் முழுச் சுமை எதுவோ அதை 30 அமெரிக்கக் கிரெடிட்டுக்குச் சமமாகக் கொள்வது. ஐரோப்பிய இசிடிஎஸ் முறையில் ஓராண்டுக்கு 60 என்பதால், அங்கே இரண்டுக்கு ஒன்று என்று எளிதாக முடிந்துவிடுகிறது. உங்கள் கல்லூரியில் ஆண்டுக்கு 44 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 4 கிரெடிட்டாக இருந்த பாடம் இங்கே ஏறத்தாழ 2.73 ஆகச் சுருங்கும். இதைப் பார்த்ததும் பதற வேண்டாம். பாடத்தின் உள்ளடக்கம் பொருந்தினால், கிரெடிட் சற்றுக் குறைந்தாலும் அந்தப் பாடத்துக்கான நிபந்தனை நிறைவேறியதாக ஏற்கும் துறைகள் பல. ஆனால் மொத்தத்தில் குறையும் கிரெடிட்டை வேறு பாடங்களால் நிரப்ப வேண்டியிருக்கும். அதை இப்போதே கணக்கில் கொள்ளுங்கள்.

அடுத்ததுதான் மிக முக்கியமானது. ஏற்றுக்கொள்ளப்பட்ட கிரெடிட் எல்லாம் பட்டத்துக்குப் பயன்படும் என்று எண்ணிவிடக்கூடாது. கிரெடிட் மூன்று இடங்களில் போய் விழலாம்: உங்கள் மேஜருக்கு (பட்டத்தின் முதன்மைத் துறைக்கு) கட்டாயமான பாடமாக, பொதுக்கல்வி நிபந்தனையாக, அல்லது வெறும் எலெக்டிவாக (விருப்பப் பாடமாக). ஈராண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட் ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வரும். அதில் 25 எலெக்டிவில் விழுந்திருக்கும். உங்கள் மேஜரிலோ எலெக்டிவுக்கு இடமே பத்துப் பன்னிரண்டு கிரெடிட்தான் இருக்கும். மீதியுள்ளவை டிரான்ஸ்கிரிப்டை (கல்லூரியின் அதிகாரப்பூர்வ மதிப்பெண் பட்டியலை) அலங்கரிக்குமே தவிர, ஒரு செமஸ்டரைக்கூடக் குறைக்காது. பொறியியல், செவிலியம் போன்ற இறுக்கமான பாடத்திட்டம் கொண்ட துறைகளில் இது இன்னும் கடுமையாக இருக்கும். ஆகவே பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை கிரெடிட் ஏற்பீர்கள்?" என்பதோடு நிற்கக்கூடாது. "அவற்றில் எத்தனை என் மேஜரின் நிபந்தனைகளில் பொருந்தும், பட்டம் முடிக்க எத்தனை செமஸ்டர் ஆகும்?" என்றும் கேட்க வேண்டும்.

இரண்டு உச்சவரம்புகளையும் பாருங்கள். வெளியிலிருந்து அதிகபட்சம் எத்தனை கிரெடிட் கொண்டுவரலாம் என்பது ஒன்று. எடுத்துக்காட்டாக, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக அமைப்பில் முதல் ஈராண்டுக்குரிய கீழ்நிலைப் பாடங்களுக்கான கிரெடிட் 70 செமஸ்டர் யூனிட் அளவுக்கே ஏற்கப்படும். பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகத்திலேயே குறைந்தது எத்தனை கிரெடிட் படித்தாக வேண்டும் என்பது மற்றொன்று. பல இடங்களில் 30, சில தனியார் பல்கலைக்கழகங்களில் 60. இதை "ரெசிடென்சி" என்பார்கள்; தங்கும் விடுதிக்கும் குடியுரிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வழக்கமாக சி கிரேடுக்குக் குறைந்த பாடங்கள் மாற்றப்படுவதில்லை என்பதையும், கிரெடிட் வருமே தவிர கிரேடு பெரும்பாலும் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். புதிய பல்கலைக்கழகத்தில் உங்கள் ஜி.பி.ஏ. முதல் செமஸ்டரிலிருந்து புதிதாகத் தொடங்கும். முன்பு நன்றாகப் படித்தவர்களுக்கு இது மனவருத்தம் தரலாம். ஆனால் பின்னாளில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டு டிரான்ஸ்கிரிப்டையும் கேட்பார்கள் என்பதால் பழைய உழைப்பு வீணாகிவிடாது.

சிலபஸ் சேகரிப்பு

இதைத் தனித் தலைப்பாக எழுதக் காரணம், நானே இதில் அடிபட்டதுதான். நான் கல்லூரி மாறியபோது என் டிரான்ஸ்கிரிப்டில் ஒரு பாடத்தின் பெயர் "கணிதம் 3" என்று மட்டும் இருந்தது. மதிப்பிட்டவர் அதைப் பொதுவான கணித எலெக்டிவாகப் போட்டுவிட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. அந்தப் பெயரைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. உண்மையில் அந்தப் பாடத்தின் முக்கால்வாசி லீனியர் ஆல்ஜீப்ரா. வாரவாரியாக என்ன நடத்தப்பட்டது, எந்தப் புத்தகத்தின் எந்த அத்தியாயங்கள், மேட்ரிக்ஸில் தொடங்கி ஐகன்வேல்யூ வரை எது எத்தனை மணி நேரம், தேர்வு எப்படி நடந்தது என்று நான்கு பக்கங்களில் இருந்த சிலபஸைப் பழைய கல்லூரியிலிருந்து வரவழைத்துக் கணிதத் துறைக்கு அனுப்பிய பிறகு, அதே பாடம் லீனியர் ஆல்ஜீப்ராவுக்கு நிகரானது என்று மாற்றிப் பதியப்பட்டது. அந்த ஒரு மாற்றத்தால், அதை முன்நிபந்தனையாகக் கொண்ட மூன்று பாடங்களை அடுத்த செமஸ்டரிலேயே எடுக்க முடிந்தது. இயற்பியலில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆய்வகம் தனிப் பாடமாக டிரான்ஸ்கிரிப்டில் இல்லை. சிலபஸிலும் ஆய்வக நேரம் குறிப்பிடப்படவில்லை. ஆய்வகப் பகுதியை மட்டும் மறுபடி படித்தேன்.

ஆகவே இப்போதிருக்கும் கல்லூரியை விட்டு வெளியேறுவதற்கு முன்பே, எடுத்த ஒவ்வொரு பாடத்துக்கும், நீங்கள் படித்த ஆண்டுக்குரிய சிலபஸை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாடத்தின் குறியீட்டு எண், வகுப்பு நேரமும் ஆய்வக நேரமும் தனித்தனியாக, வாரவாரித் தலைப்புகள், பாடநூல், மதிப்பெண் பகிர்வு ஆகியவை இருக்க வேண்டும். இவற்றில் ஏதேனும் விடுபட்டிருந்தால், துறைத் தலைவரிடமிருந்து கல்லூரியின் முகவரித் தாளில் ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். ஆங்கிலத்தில் இல்லாதவற்றுக்குச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு தேவை. கட்டுரைகள், ஆய்வக ஏடுகள், புரோகிராம்கள் ஆகியவற்றையும் எறியாதீர்கள். எழுத்துப் பயிற்சிப் பாடத்துக்கு நிகர் கேட்கும்போது, நீங்கள் எழுதிய கட்டுரைகளையே காட்டச் சொல்லும் துறைகள் உண்டு.

டிரான்ஸ்கிரிப்ட் பெரும்பாலும் உங்கள் கல்லூரியிலிருந்து நேரடியாக, மின்னணு வழியாகவோ முத்திரையிட்ட உறையிலோ போக வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் தாங்களே வெளிநாட்டு மதிப்பெண்களை மதிப்பிடும். வேறு சில, நேசஸ் என்னும் கூட்டமைப்பில் உள்ள டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. போன்ற நிறுவனம் ஒன்றிடமிருந்து மதிப்பீட்டு அறிக்கை கேட்கும். அப்படிக் கேட்டால், பாடவாரியான அறிக்கையையே வாங்குங்கள். பட்டத்தை மட்டும் மதிப்பிடும் சுருக்கமான அறிக்கை டிரான்ஸ்ஃபருக்கு உதவாது. எந்த வகை என்று பல்கலைக்கழகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன் பணம் கட்டிவிடாதீர்கள்.

படி 3: பல்கலைக்கழகத் தேர்வும் காலக்கணக்கும்

முதலாண்டில் மிகக் கடினமாக இருக்கும் சில பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள், டிரான்ஸ்ஃபருக்கு அதைவிடக் கடினமானவை; ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களே இருக்கும். பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் டிரான்ஸ்ஃபர் என்பது நன்கு தேய்ந்த பாதை. கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள்: கம்யூனிட்டி கல்லூரி என்னும் ஈராண்டுக் கல்லூரியில் படித்து, பிறகு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கென்றே அங்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. எந்தக் கம்யூனிட்டி கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்கு நிகர் என்பதை அசிஸ்ட் என்னும் பொதுத் தளத்தில் எவரும் பார்க்கலாம். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், அந்த மாநிலக் கம்யூனிட்டி கல்லூரி மாணவர்களுக்கு, குறித்த பாடங்களையும் ஜி.பி.ஏ.வையும் எட்டினால் இடம் உறுதி என்னும் 'டேக்' ஒப்பந்தத்தைத் தருகின்றன. எல்லா மேஜருக்கும் அது கிடையாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதே வேளையில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக வருபவருக்குக் கலிஃபோர்னியாவில் இந்த முன்னுரிமை இல்லை.

பொதுவாகக் காலக்கணக்கு இப்படி அமையும். ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் ஃபால் பருவத்துக்கு, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக அமைப்பு முந்தைய ஆண்டின் அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே விண்ணப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வேறு பல பல்கலைக்கழகங்களில் கடைசி நாள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இருக்கும். ஜனவரியில் தொடங்கும் ஸ்பிரிங் பருவத்தில் சேர்க்கும் இடங்கள் குறைவு. சர்வதேச மாணவர்களுக்கு விசாவுக்கு நேரம் வேண்டும் என்பதால், உள்நாட்டு மாணவர்களைவிட முன்கூட்டிய கடைசி நாள் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. இந்த ஒரு வரியைத் தவறவிட்டு ஓராண்டை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சர்வதேச மாணவர்களுக்கான உதவித்தொகையே குறைவு. அதிலும் டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு ஒதுக்குவது இன்னும் குறைவு. புதிய மாணவர்களுக்கென்று விளம்பரப்படுத்தும் உதவித்தொகைப் பட்டியலைப் பார்த்து நம்பிக்கை வைக்காமல், டிரான்ஸ்ஃபர் மாணவருக்குப் பொருந்துவது எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 4: விண்ணப்பம்

பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப்பில் டிரான்ஸ்ஃபருக்குத் தனி விண்ணப்பம் உள்ளது. முதலாண்டுக்கான விண்ணப்பத்தைத் திறந்து நிரப்பிவிடாதீர்கள். நீங்கள் நல்ல நிலையில் உள்ள மாணவர், ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று தற்போதைய கல்லூரி உறுதிசெய்யும் படிவத்தையும், நடப்புப் பருவத்தின் மதிப்பெண்களை ஆசிரியர்களிடம் கேட்டு நிரப்பும் இடைக்கால அறிக்கையையும் சில பல்கலைக்கழகங்கள் கேட்கும். பல நாடுகளின் கல்லூரி அலுவலகங்கள் இப்படிப்பட்ட படிவத்தை முன்பின் பார்த்திருக்காது. ஆகவே எதற்காக, யார், எங்கே கையொப்பமிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் படிவத்தோடு கொடுத்தால் அங்குள்ளவர்களுக்கும் உதவியாக இருக்கும்.

டோஃபெல், ஐஈஎல்டிஎஸ் மதிப்பெண்கள் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும்; பள்ளி முடிக்கும்போது எழுதியது காலாவதியாகியிருக்கலாம்.

கட்டுரையில் ஏன் மாற விரும்புகிறீர்கள் என்று கேட்பார்கள். பழைய கல்லூரியைக் குறைசொல்லி எழுதுவதுதான் இங்கே பலரும் செய்யும் தவறு. அங்கே என்ன கற்றீர்கள், அது எந்தக் கேள்வியில் கொண்டுவந்து நிறுத்தியது, அந்தக் கேள்வியைத் தொடர இந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடம், எந்த ஆய்வகம் தேவைப்படுகிறது என்று எழுதுங்கள். பள்ளிக்காலச் சாதனைகளை நீட்டுவதில் பயனில்லை; பரிந்துரைக் கடிதமும் கல்லூரியில் உங்களுக்குப் பாடம் நடத்தியவரிடமிருந்தே வர வேண்டும்.

படி 5: அட்மிஷன் வந்த பிறகு, முன்பணம் கட்டுவதற்கு முன்

இரண்டு மூன்று இடங்களில் அட்மிஷன் வந்திருந்தால், ஒவ்வோர் இடத்திலும் கிரெடிட் மதிப்பீட்டைக் கேட்டு வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள். முழுமையான மதிப்பீடு பல இடங்களில் சேர்ந்த பிறகே கிடைக்கும். ஆனால் துறையின் அட்வைசரிடம் டிரான்ஸ்கிரிப்டையும் சிலபஸ்களையும் அனுப்பி, எத்தனை செமஸ்டரில் முடிக்கலாம் என்ற உத்தேசத் திட்டத்தைக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். ஆண்டுக் கட்டணம் குறைவாக உள்ள பல்கலைக்கழகம் ஆறு செமஸ்டர் கேட்டு, சற்று அதிகமாக உள்ளது நான்கு செமஸ்டர் கேட்டால், மொத்தச் செலவில் இரண்டாவதே மலிவாக இருக்கக்கூடும். பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 6அ: வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஐ-20, விசா

குறைந்தது முதல் ஓராண்டுக்கான கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் பணம் இருக்கிறது என்பதற்கு வங்கிச் சான்று, பணம் தருபவரின் கடிதம் ஆகியவற்றைக் கொடுத்த பிறகே பல்கலைக்கழகம் ஐ-20 தரும். வந்ததும் பெயர், பிறந்த தேதி, மேஜர், பட்ட நிலை, படிப்பு தொடங்கும் நாள் ஆகியவற்றைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு 350 டாலர் ஐ-901 செவிஸ் கட்டணம், டிஎஸ்-160 என்னும் விசா விண்ணப்பப் படிவம், 185 டாலர் விசா விண்ணப்பக் கட்டணம், நேர்காணல் என்று வரிசையாகப் போக வேண்டும். கட்டணங்களை அரசு அவ்வப்போது மாற்றும் என்பதால், கட்டும் அன்று அதிகாரப்பூர்வத் தளத்தில் தொகையைச் சரிபாருங்கள். கடந்த ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளை டிஎஸ்-160 கேட்கிறது. ஒன்றையும் விடாமல் எழுதுங்கள்.

நேர்காணலில் டிரான்ஸ்ஃபர் மாணவரிடம் தவறாமல் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி, "இங்கேயே பாதிப் படிப்பை முடித்துவிட்டீர்களே, ஏன் மாறுகிறீர்கள்?" என்பது. எத்தனை கிரெடிட் ஏற்கப்பட்டது, எத்தனை ஆண்டில் முடியும், எதனால் இந்தப் படிப்பு என்று இரண்டு மூன்று வாக்கியங்களில் தெளிவாகச் சொல்ல முடிய வேண்டும். இரண்டாம் படியில் செய்த கணக்கு இங்கேயும் கைகொடுக்கும். விசா எவ்வளவு முன்னதாகக் கிடைத்தாலும், ஐ-20இல் உள்ள தொடக்க நாளுக்கு 30 நாட்களுக்கு மேல் முன்னதாக அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது.

படி 6ஆ: அமெரிக்காவுக்குள் கல்லூரி மாறுபவர்களுக்குச் செவிஸ் மாற்றம்

புதிய பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் கடிதத்தோடு, இப்போதுள்ள கல்லூரியின் டி.எஸ்.ஓ. என்னும் சர்வதேச மாணவர் அலுவலரிடம் சென்று, செவிஸ் பதிவை விடுவிக்கும் நாளை முடிவுசெய்ய வேண்டும். இந்த நாளை அவசரப்பட்டுக் குறிக்காதீர்கள். அந்த நாள் வந்ததும் உங்கள் பதிவு புதிய பல்கலைக்கழகத்தின் கைக்குப் போய்விடும். பழைய கல்லூரியால் அதைத் தொட முடியாது. பழைய வளாகத்தில் பார்த்த வேலையும், ஓ.பி.டி. என்னும் படிப்புசார் வேலைப் பயிற்சிக்கான அனுமதியும் அன்றோடு முடிந்துவிடும். அதற்கு முன்புவரை மனம் மாறினால் ரத்து செய்யலாம். புதிய பல்கலைக்கழகமோ, அந்த நாள் வந்த பிறகுதான் உங்களுக்குப் புதிய ஐ-20 தர முடியும்.

பலரையும் சிக்கலில் மாட்டிவிடுவது ஐந்து மாத விதி. பழைய பதிவு விடுவிக்கப்பட்ட நாள், பழைய படிப்பு முடிந்த நாள் இவற்றில் எது முந்தியதோ, அதிலிருந்து 5 மாதங்களுக்குள் புதிய இடத்தில் வகுப்பு தொடங்க வேண்டும். டிசம்பரில் ஒரு கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு, அடுத்த ஆகஸ்டில் புதிய இடத்தில் சேரலாம் என்று நினைத்தால், இடைவெளி எட்டு மாதம் ஆகிவிடும். அப்படி அமெரிக்காவிலேயே காத்திருக்க முடியாது. ஸ்பிரிங் பருவத்தையும் எங்காவது முழுநேரமாகப் படிக்க வேண்டும், அல்லது நாடு திரும்பி, தொடக்கநிலை ஐ-20 உடன் புதிதாக வர வேண்டும். படிப்பு முடிந்தவர்களுக்குள்ள 60 நாள் அவகாசத்துக்குள்ளேயே செவிஸ் மாற்றத்தைக் கேட்டுவிட வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது.

செவிஸ் எண் அதேதான் தொடரும் என்பதால் ஐ-901 கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டில் உள்ள எஃப்-1 விசா காலாவதியாகாமல் இருந்தால், அதில் பழைய கல்லூரியின் பெயர் இருந்தாலும் பயன்படுத்தலாம். ஆனால் இடையே விடுமுறைக்கு நாட்டுக்குப் போனால், திரும்பி வரும்போது கையில் புதிய பல்கலைக்கழகத்தின் ஐ-20 இருக்க வேண்டும். சேர்ந்த பின், ஐ-20இல் உள்ள தொடக்க நாளிலிருந்து 15 நாட்களுக்குள் புதிய டி.எஸ்.ஓ.விடம் வருகையைப் பதிவு செய்தால்தான் மாற்றம் நிறைவுபெறும். வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேனே என்று இதை விட்டுவிடாதீர்கள். வகுப்புப் பதிவும் இந்தப் பதிவும் வேறுவேறு.

படி 7: பெயர், தடுப்பூசி, காப்பீடு

பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்து குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராகவும், முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. (முதற்பெயர் தெரியவில்லை) என்றும் அச்சாகும். பிறகு பல்கலைக்கழக அடையாள அட்டை, மின்னஞ்சல், வங்கி என்று எல்லா இடத்திலும் அது தொடரும். டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு இதில் கூடுதல் இடர் உண்டு: பழைய டிரான்ஸ்கிரிப்டில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் விரித்தெழுதிய பெயர் என்று இருந்தால், அனுப்பிய டிரான்ஸ்கிரிப்ட் உங்கள் விண்ணப்பத்தோடு சேராமல் அனாதையாகக் கிடக்கும். முடிந்தால் விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்ளுங்கள். இல்லையேல் இரண்டு பெயரும் ஒருவரே என்பதற்குக் கல்லூரியின் கடிதத்தை வாங்கி, விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு அனுப்புங்கள்.

தடுப்பூசி ஆவணம் இல்லையென்றால், பல பல்கலைக்கழகங்களில் வகுப்புப் பதிவே முடக்கப்படும். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசி இரண்டு தவணை பரவலாகக் கேட்கப்படுகிறது. இரண்டுக்கும் இடையே குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும் என்பதால், கிளம்பும் வாரத்தில் தொடங்கினால் முடியாது. காசநோய் அதிகமுள்ள நாடுகளிலிருந்து வருபவர்களுக்குப் பரிசோதனை கேட்பார்கள். சிறுவயதில் பி.சி.ஜி. போட்டவர்களுக்குத் தோலில் செய்யும் சோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும் என்பதால், ஐ.ஜி.ஆர்.ஏ. என்னும் ரத்தப் பரிசோதனையே நல்லது. காப்பீட்டைப் பொறுத்தவரை, பல்கலைக்கழகத்தின் திட்டத்துக்கு மாற்றாக வெளியில் வாங்குவதை ஏற்பார்களா என்று கேட்ட பிறகே வாங்குங்கள்.

படி 8: வகுப்புப் பதிவும் முதல் சில வாரங்களும்

டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு வகுப்புப் பதிவு பழைய மாணவர்கள் எடுத்து முடித்த பிறகே திறக்கும். தேவையான வகுப்புகள் நிரம்பியிருக்கும். அதோடு, உங்கள் கிரெடிட் இன்னும் பதிவேறாமல் இருந்தால், முன்நிபந்தனை முடிக்கவில்லை என்று கணினி தடுக்கும். அப்போது ஆசிரியருக்கோ துறைக்கோ சிலபஸை இணைத்து, எந்தப் பாடத்துக்கு நிகராக எதைப் படித்தீர்கள் என்று இரண்டு வரியில் எழுதி, விலக்கு அனுமதி கேளுங்கள். காத்திருப்போர் பட்டியலிலும் பெயர் கொடுத்துவிட்டு, முதல் வார வகுப்புகளுக்குத் தவறாமல் போங்கள். இடம் காலியாவது அந்த வாரத்தில்தான்.

எஃப்-1 இளங்கலை மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். முழுதும் ஆன்லைனில் நடக்கும் வகுப்பில் ஒன்று, அதாவது 3 கிரெடிட் வரைதான், இந்தக் கணக்கில் சேரும். பாடம் கடினமாக இருக்கிறதென்று ஒன்றைக் கைவிட்டு 12க்குக் கீழே போவதற்கு முன் டி.எஸ்.ஓ.வின் அனுமதி வேண்டும். பின்னர் போய்ச் சொன்னால் காலம் கடந்திருக்கும். வீடு மாறினால் 10 நாட்களுக்குள் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம்.

வகுப்புகள் ஒரு நிலைக்கு வந்ததும், டிகிரி ஆடிட் என்னும் பட்டியலை இணையக் கணக்கில் திறந்து, பழைய பாடங்கள் ஒவ்வொன்றும் எங்கே விழுந்திருக்கிறது என்று ஒரு மாலை உட்கார்ந்து சரிபாருங்கள். எலெக்டிவில் விழுந்திருக்கும் பாடங்களில் மேஜருக்கு உரியவை எவை என்று குறித்து, ஒவ்வொன்றுக்கும் சிலபஸுடன் மறுபரிசீலனை மனு கொடுங்கள். மனுவில் புதிய பல்கலைக்கழகப் பாடத்தின் தலைப்புகளை ஒரு பக்கமும், உங்கள் பழைய பாடத்தின் தலைப்புகளை எதிர்ப்பக்கமும் வைத்து அட்டவணையாகக் காட்டினால், முடிவெடுப்பவர் அஞ்சு நிமிடத்தில் பார்த்துவிடுவார். பல பல்கலைக்கழகங்கள் இந்த மனுவுக்கு முதல் செமஸ்டரையோ முதல் ஆண்டையோ எல்லையாக வைத்திருக்கின்றன; அந்தக் கடைசி நாளைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அட்வைசரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.